பூட்டனின் பெயரைத் தேடி: வன்னிக் குடும்பங்களுக்கு ஓர் இணைய வழிகாட்டி

எங்கள் வீட்டுக் காகிதங்கள் எல்லாம் ஒரு பச்சைத் தகரப் பெட்டிக்குள் இருந்தன. வயல் உறுதி, அம்மம்மாவின் கலியாணப் பதிவு, அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், அப்பப்பாவின் ஒரேயொரு படம். 2009 தொடக்கத்தில் புதுக்குடியிருப்பை விட்டு நகர்ந்தபோது பெட்டியைப் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) இறக்கி, மண் போட்டு மூடிவிட்டுப் போனோம். திரும்பி வந்து தோண்டியபோது மூடி மட்டும் கிடைத்தது. வன்னியில் இப்படியொரு பெட்டிக் கதை இல்லாத வீடு குறைவு.

பல வருடங்களுக்குப் பிறகு, பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள் என்று மகள் கொப்பியோடு வந்து நின்றாள். அப்பப்பாவுடைய அப்பாவின் பெயர் எனக்குத் தெரியவில்லை. கேட்டறிய அப்பாவும் இல்லை. நாலு மாதம் தேடிய பிறகு அந்தப் பெயர் கிடைத்தது. தூரத்து உறவான ஓர் அம்மா இறந்தபோது அச்சிட்ட நினைவு மலரை யாரோ வருடி (ஸ்கேன் செய்து) இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். அதன் பன்னிரண்டாம் பக்கத்தில், ஒரு வம்சாவளிப் படத்தின் மூலையில் என் பூட்டன் இருந்தார்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. பங்கருக்குள் அழிந்தது எங்கள் கையில் இருந்த பிரதி. அதே பெயர்கள் பதிவாளரின் புத்தகத்தில், கோயில் மலரில், பங்குத்தந்தையின் ஏட்டில், கனடாவில் இருக்கும் ஒரு பெரியம்மாவின் அலுமாரியில் வேறு பிரதிகளாகக் கிடக்கின்றன. அவற்றில் எதை எங்கே, எந்த ஒழுங்கில் தேடுவது என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். கைத்தொலைபேசியும் ஒரு கொப்பியும் போதும்.

தேடுபொறிக்கு முன்னர் வீட்டுப் பெரியவர்கள்

இணையத்தில் தேட ஒரு பெயரும் ஓர் ஊரும் ஒரு காலமும் வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். அதனால் முதல் வேலை, குடும்பத்தில் மூத்தவருக்குப் பக்கத்தில் போய் இருப்பது. தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, அவரிடம் சொல்லிவிட்டே அழுத்துங்கள், சும்மா கதைக்க விடுங்கள்.

“எந்த ஆண்டு பிறந்தீர்கள்?” என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. “பெருவெள்ளம் வந்தபோது நீங்கள் நடந்து திரிந்தீர்களா?” என்று கேட்டால் உடனே சொல்வார்கள். அந்த வெள்ளம் 1957 டிசம்பர். மன்னார்ப் பக்கத்தவர்கள் சூறாவளியைச் சொன்னால் அது 1964 டிசம்பராக இருக்கும். மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போய் வீடு கட்டிய காலம் என்றால் 1970க்கும் 1977க்கும் இடைப்பட்டது. 58 கலவரம், 77 கலவரம், 83 கலவரம் மூன்றும் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு நேரடியான ஆண்டுக் குறிகள். கலியாணம், பிள்ளை பிறந்தது, வயல் வெட்டியது எல்லாவற்றையும் இப்படி ஒரு பெரிய நிகழ்வோடு கட்டிக் கேளுங்கள்.

ஊரைக் கேட்கும்போது குறிச்சியையும் கேளுங்கள். எந்தக் கோயிலுக்கு உபயம் செய்தார்கள், எந்தக் குளத்தின் கீழ் வயல், வீட்டுக்கு ஊரார் என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்பதையும் விடாதீர்கள். ஒரே ஊரில் நாலு கந்தையா இருந்தால், உங்கள் கந்தையாவைப் பிரித்துக் காட்டுவது அந்தப் பட்டப்பெயர்தான்.

ஒரு பிறப்புச் சான்றிதழில் மூன்று தலைமுறை

அடுத்து, குடும்பத்தில் யாருடையதாவது ஒரு பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுங்கள். உங்களுடையதே போதும். தாய் தகப்பன் பெயருக்குக் கீழே, தந்தையின் தந்தை இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு இருக்கும். அதற்கும் கீழே, தந்தை இலங்கையில் பிறக்காமல் பூட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் பூட்டனின் விபரம் என்று இன்னொரு கூடு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பரம்பரையைக் கேட்டதால் வந்த கூடுகள் இவை. மலையகத் தமிழர்களின் உரிமையைப் பறித்த சட்டம் அது. அதன் மிச்சம் இன்று ஒவ்வொருவரின் சான்றிதழிலும் பாட்டனின் பெயராக நிற்கிறது. எங்களுக்கு அது பயன்படட்டும்.

உங்கள் சான்றிதழில் அந்தக் கூடு வெறுமையாக இருந்தால் விடவேண்டாம். அப்பாவின் கூடப்பிறந்தவர்களுடைய பிள்ளைகளின் சான்றிதழ்களைக் கேட்டுப் பாருங்கள். சித்தப்பாவின் மகனுக்கும் உங்களுக்கும் தகப்பனின் தகப்பன் ஒருவர்தானே. ஒரு பதிவாளர் எழுதாமல் விட்டதை இன்னொருவர் எழுதியிருப்பார்.

பிரதி வேண்டுமென்றால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம், அல்லது பிரதேச செயலகத்துக்குப் போகலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுருக்கம். தெரியாவிட்டால், இந்தப் பெயர், இந்தப் பிரிவு, இந்த ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் இடையில் என்று குறித்துத் தேடிப் பார்க்கும்படி கேட்கவேண்டும். தேடும் காலத்தைக் குறுக்கிக் கொடுங்கள். வெள்ளத்தையும் சூறாவளியையும் கேட்டு வைத்தது இங்கேதான் கைகொடுக்கும்.

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் தொடங்கி 1897இல் கட்டாயமானது. ஆனால் காட்டோரக் கிராமத்தில் பிறந்த எல்லாரும் பதியப்பட்டார்கள் என்று எண்ணவேண்டாம். பலருக்குப் பள்ளியில் சேரும்போதோ அடையாள அட்டை எடுக்கும்போதோ உத்தேச வயதுப் பத்திரம்தான் கிடைத்தது. அதில் உள்ள திகதி ஒரு கணிப்பு. சாதகக் குறிப்பு இருந்தால் அதை நம்புங்கள்.

மாவட்டப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது, இதில் நானே இரண்டு மாதம் வீணாக்கினேன். கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன்னர் அது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. முல்லைத்தீவு மாவட்டம் 1970களின் இறுதியில்தான் உருவானது. முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பக்கத்துப் பழைய காகிதங்கள் வவுனியா என்ற பெயரில் இருக்கும். ஆகவே 1965இல் பரந்தனில் பிறந்தவரை யாழ்ப்பாணம் என்றும், குமுழமுனையில் பிறந்தவரை வவுனியா என்றும் தேடிப் பாருங்கள்.

அடையாள அட்டை இலக்கம் மட்டும் ஒரு பழைய காகிதத்தில் இருக்கிறதா? அதுவும் பேசும். பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டியிருப்பார்கள். 43561 என்று தொடங்கினால் 1943இல் பிறந்த பெண், 61ஆவது நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்தே எண்ணுவார்கள் என்பதால் அது மார்ச் முதலாம் திகதி. அம்மம்மாவின் பிறந்த நாளை நாங்கள் இப்படித்தான் கண்டுபிடித்தோம், ஒரு நிவாரண அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருந்த இலக்கத்திலிருந்து.

பெயரை எத்தனை விதமாக எழுதுவது

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயர் மகனுக்கு முன்னெழுத்து. மகனின் பெயர் பேரனுக்கு முன்னெழுத்து. வெளிநாட்டுத் தளங்கள் எல்லாம் குடும்பப் பெயரை நம்பிக் கட்டியவை. அதனால் அவற்றில் தேடும்போது ஒரு தடவை தகப்பன் பெயரைக் கடைசிப் பெயராகவும், இன்னொரு தடவை சொந்தப் பெயரைக் கடைசிப் பெயராகவும் போட்டுத் தேடவேண்டும். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் வழக்கம் இருப்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்ப வரும். ஆண்டைப் பார்க்காமல் இருவரையும் ஒருவராக்கிவிடாதீர்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு தலையிடி. கந்தையா என்பதன் நடுவில் சிலர் ‘என்டி’ போடுவார்கள், சிலர் ‘என்டிஎச்’ போடுவார்கள், கடைசியில் ‘எச்’ ஒருவர் போடுவார், இன்னொருவர் விடுவார். தமிழிலும் அப்படித்தான்: வேலுப்பிள்ளை, வேலுபிள்ளை, இராசம்மா, ராசம்மா, ராஜம்மா, சின்னத்தம்பி, சின்னதம்பி. கொப்பியில் ஒரு பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எழுதக்கூடிய வடிவம் எல்லாவற்றையும் முதலில் எழுதிவையுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தேடி வெட்டிக்கொண்டு போங்கள். ஊர்ப் பெயருக்கும் இதையே செய்யுங்கள்.

மரண அறிவித்தலை வாசிக்கும் முறை

என் அனுபவத்தில் ஈழத்தமிழருக்கு இணையத்தில் இருக்கும் மிகப் பெரிய வம்சாவளிச் சுரங்கம் மரண அறிவித்தல்கள்தான். லங்காசிறியின் அறிவித்தல் பக்கம், ஆர்.ஐ.பி. புக் போன்ற தளங்களில் பல வருட அறிவித்தல்கள் கிடக்கின்றன. பெயராலும் ஊராலும் தேடலாம். வேறு இனத்தவர்களின் மரண அறிவித்தலில் இவ்வளவு உறவுமுறை எழுதுவதை நான் காணவில்லை. ஒரு அறிவித்தலை ஒழுங்காக வாசித்தால் நாலு தலைமுறை வரும்.

முதல் வரி இடப்பெயர்வின் வரைபடம். “முல்லைத்தீவு குமுழமுனையைப் பிறப்பிடமாகவும், கிளிநொச்சி வட்டக்கச்சியை வசிப்பிடமாகவும், கனடாவைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட…” என்று போகும். பிறந்த ஊர், கலியாணம் முடித்துப் போன ஊர், கடைசியில் இருந்த நாடு மூன்றும் அதில் வந்துவிடும்.

அடுத்து “அன்னார்” என்று தொடங்கும் பந்தி. இதைப் பேனாவோடு வாசியுங்கள். “காலஞ்சென்றவர்களான இன்னார் இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும்” என்றால் தாய் தகப்பன் இருவரும் இல்லை. “காலஞ்சென்ற இன்னார், இன்னார் தம்பதிகளின்” என்றால் பெரும்பாலும் முதலில் சொன்னவர் மட்டும் இல்லை, மற்றவர் அன்று உயிரோடு இருந்தார். ஒரு விகுதியில் ஒரு உயிர் இருக்கிறது, கவனம். பிறகு “அன்பு மருமகளும்” என்ற இடத்தில் கணவனின் பெற்றோர் வருவார்கள். பிள்ளைகளின் பெயர்கள் பெரும்பாலும் வயது ஒழுங்கில் வரும். அதற்குப் பிறகு வரும் மருமக்களின் பெயர்களும் அதே ஒழுங்கில் வரும் என்பதால், மூன்றாவது மருமகன் யாரின் கணவர் என்று பொருத்திப் பார்க்கலாம். கலியாணம் ஆகாத பிள்ளை இடையில் இருந்தால் கணக்குப் பிசகும். பேரப்பிள்ளைகளின் பெயரோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

“அன்புச் சகோதரர்” என்ற பட்டியலில் பெரியப்பா சித்தப்பாவின் பிள்ளைகளையும் பெரியம்மா சின்னம்மாவின் பிள்ளைகளையும் சில குடும்பங்கள் சேர்ப்பதுண்டு. எங்களுக்கு அவர்களும் அண்ணன் தம்பிதானே. ஆனால் மரத்தில் ஏற்றுமுன் அந்தச் சகோதரரில் ஒருவருடைய அறிவித்தலையும் தேடி எடுத்து, தாய் தகப்பன் பெயர் ஒன்றுதானா என்று பாருங்கள். இப்படி ஒரு அறிவித்தலிலிருந்து அடுத்த அறிவித்தலுக்குத் தாவிக்கொண்டே போவதுதான் வேலை. பூட்டனின் அறிவித்தல் இணையத்தில் இருக்காது. பூட்டனின் கடைசி மகளுடைய அறிவித்தல் இருக்கலாம். அதில் பூட்டனின் பெயர் இருக்கும்.

கண்டதும் திரையைப் படமாகப் பிடித்து (ஸ்கிரீன்ஷொட்), திகதியோடு சேமியுங்கள். நாளைக்கும் அந்தப் பக்கம் அங்கே இருக்கும் என்று நம்பவேண்டாம்.

நூலகத்தில் கல்வெட்டுத் தேடுதல்

நூலகம் என்று தமிழில் தட்டினாலே வரும் எண்ணிம நூலகம் 2005 முதல் ஈழத்து நூல்கள், இதழ்கள், மலர்களை வருடி இலவசமாகத் தருகிறது. அதன் துணைத் தளமான ஆவணகத்தில் படங்களும் ஒலிப்பதிவுகளும் உண்டு. வேர் தேடுகிறவர் இங்கே பார்க்கவேண்டியது மூன்று வகை: நினைவு மலர்கள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள்.

நினைவு மலரை எங்கள் பக்கம் கல்வெட்டு என்போம். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கொடுப்பது. தேவாரம், புராணப் பாடல்கள் என்று பக்கங்கள் போகும். புரட்டிக்கொண்டே போங்கள், வாழ்க்கை வரலாறும் வம்சாவளியும் இடையில் இருக்கும். திதி வெண்பா என்று ஒரு பாடல் கட்டாயம் வரும். அதில் இறந்த ஆண்டின் தமிழ்ப் பெயர், மாதம், பட்சம், திதி நாலும் இருக்கும். தமிழ் ஆண்டுகள் 60இல் ஒரு சுற்று. விரோதி என்றிருந்தால் 2009 சித்திரையில் தொடங்கிய ஆண்டு, அல்லது அதற்கு ஒரு சுற்று முந்திய 1949. பிரபவ என்றால் 1987 அல்லது 1927. எந்தச் சுற்று என்பது தாளையும் அச்சையும் பார்த்தாலே தெரிந்துவிடும். பிறகு இணையத்தில் இருக்கும் பழைய ஆண்டுப் பஞ்சாங்கத்தில் திதியைப் போட்டால் ஆங்கிலத் திகதி கிடைக்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். பல மலர்கள் படமாக வருடப்பட்டவை. உள்ளே இருக்கும் பெயரைத் தேடுபொறி காணாது. ஆகவே ஆளின் பெயரைத் தேடிவிட்டு “இல்லை” என்று மூடவேண்டாம். ஊரின் பெயரைத் தேடுங்கள், கோயிலின் பெயரைத் தேடுங்கள், முள்ளியவளை வித்தியானந்தா போன்ற பள்ளிக்கூடத்தின் பெயரைத் தேடுங்கள். வந்த மலரைத் திறந்து பக்கம் பக்கமாகப் பாருங்கள். கோயில் மலரில் உபயகாரர் பட்டியல் இருந்தால் நின்று வாசியுங்கள். எந்தக் குடும்பம் எந்தத் திருவிழா என்பது தலைமுறையாக இறங்கிவருவது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலில் ஒவ்வொரு கடமைக்கும் ஒரு குடும்பம் உண்டு என்பது முல்லைத்தீவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பழைய ஈழநாடு இதழ்களும் நூலகத்தில் உண்டு. மரண அறிவித்தலும் நன்றி நவிலலும் அந்தக் காலத்திலும் பத்திரிகையில் வந்தன.

பழைய அரசுப் புத்தகங்கள், தேவாலய ஏடுகள்

வன்னியில் அரச அதிகாரியாக இருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கைநூல் வெளியிட்டார். இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இலவசத் தளங்களில் இப்படியான பழைய புத்தகங்களைத் தேடலாம். அதில் உங்கள் பூட்டனின் பெயர் இருக்கும் என்று திறக்கவேண்டாம். ஆனால் ஊரின் பழைய பெயர், அது எந்தப் பற்றுக்குள் (பழைய நிர்வாகப் பிரிவுக்குள்) இருந்தது, என்ன குளம், காய்ச்சலும் காடும் ஊர்களை எப்படி வெறுமையாக்கின என்பவை தெரியும். ஊர் ஏன் காலியானது என்று தெரிந்தால் ஆட்கள் எங்கே போனார்கள் என்று தேடலாம்.

ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வன்னிமைகள் (வன்னியர் ஆண்ட சிற்றரசுகள்) அப்போது யானைகளைத் திறையாகக் கொடுத்துக்கொண்டு ஓரளவு தனியாக இருந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எழுதியதுபோல இங்கே காணிக்குக் காணி எழுதிய தோம்பை எதிர்பார்க்காதீர்கள். குடும்பத்தின் வேர் குடாநாட்டில் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வழி கொஞ்சம் இலகு. ஞானஸ்நான ஏட்டில் பெற்றோர் பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய சொந்தம். மன்னார் மறைமாவட்டம் 1981இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது என்பதால் அதற்கு முந்தியவற்றுக்கு யாழ்ப்பாண ஆயர் இல்லத்தையும் விசாரிக்கவேண்டும். பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில் யாழ்ப்பாண ஆயர் இல்லத்துப் பழைய கையெழுத்து ஆவணங்கள் வருடப்பட்டிருக்கின்றன. பாமிலிசேர்ச் என்ற இலவசத் தளத்தில் ஒல்லாந்தச் சபையின் இலங்கைப் பதிவுகள் உண்டு. கணக்குத் திறக்கக் காசு இல்லை.

எங்கிருந்து வன்னிக்கு வந்தீர்கள்?

தேடலின் பாதை இந்தக் கேள்வியில் பிரிகிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி 1930களில் கிளிநொச்சியில் தொடங்கிய குடியேற்றத்தோடு வந்த குடும்பம் என்றால், பழைய தலைமுறை குடாநாட்டிலோ தீவுப்பகுதியிலோ இருக்கும். அந்த ஊர்களுக்கு வெளிநாடுகளில் ஊர்ச் சங்கங்கள் உண்டு. அவற்றின் மலர்களும் முகநூல் பக்கங்களும் நல்ல கைவிளக்கு. குடியேற்றக் காணிக்கு 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப் பத்திரத்தில் பின்னுரிமையாளர் (காணி அடுத்துச் சேரவேண்டியவர்) பெயர் எழுதுவார்கள். பிரதேச செயலகக் காணிப் பிரிவில் அதற்கு ஏடு உண்டு. உறுதிக்காணி என்றால் காணிப் பதிவகத்தில் கேளுங்கள். உறுதியில் “முதுசொம்”, “சீதனம்” என்ற சொல்லைக் கண்டால் அடிக்கோடிடுங்கள். முதுசொம் என்றால் காணி பரம்பரையாக இறங்கியது. சீதனம் என்றால் பெண் வழியால் வந்தது. நாலு எல்லையிலும் இருக்கும் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், பங்கு பிரித்த கூடப்பிறந்தவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

மலையகத்திலிருந்து வந்தவர்களிடம் தோட்டத்துப் பிறப்புப் பதிவும், 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ்க் குடியுரிமை கேட்ட விண்ணப்பக் காகிதமும் இருந்திருக்கும். அந்த விண்ணப்பத்தில் குடும்பம் முழுக்க எழுதவேண்டும். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் எழுதினார்கள். அண்ணன் ஒரு கணக்கிலும் தம்பி ஒரு கணக்கிலும் விழுந்த வீடுகள் எத்தனையோ. இந்தியா போன கிளையிடம் கடவுச்சீட்டும் ஊர்ப் பெயரும் இருக்கலாம். அவர்களைத் தேடிப் பிடிப்பதே உங்கள் முதல் வேலை. ஊர்ப் பெயர் கிடைத்தபின் தமிழ்நாட்டு நிலப் பதிவு இணையச் சேவையில் பட்டா விபரமும் பார்க்கலாம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் காகிதங்களும் நினைவுகளும் பெரும்பாலும் புத்தளத்தில் இருக்கின்றன. முல்லைத்தீவு, மன்னார்ப் பள்ளிவாசல்களோடு அங்குள்ளவர்களையும் கேளுங்கள்.

மரத்தை எங்கே வரைவது

முதலில் காகிதத்தில். பிறகு கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் இறக்கினால், தகவல் உங்கள் வீட்டை விட்டு வெளியே போகாது. வெளிநாட்டுச் சொந்தங்களோடு சேர்ந்து வரைய ஜெனி அல்லது பாமிலிசேர்ச்சின் மரம் வசதி. எதில் வரைந்தாலும் ஜெட்கொம் என்ற பொதுக் கோப்பு வடிவில் எடுத்து வைத்தால் நாளைக்கு இன்னொரு மென்பொருளுக்கு மாற்றலாம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து கிடைத்தது என்று எழுதுங்கள்: “பெரியம்மா சொன்னது”, “இன்னாரின் கல்வெட்டு, பக்கம் 12”. இரண்டு தகவல் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள், அழிக்காதீர்கள்.

உயிரோடு இருப்பவர்களின் முழுப்பெயர், பிறந்த திகதி, முகவரி, அடையாள அட்டை இலக்கம் எதையும் எல்லாரும் பார்க்கும்படி போடாதீர்கள். எங்கள் பகுதியில் ஒருவர் எந்த ஆண்டில் எங்கே இருந்தார் என்ற தகவல்கூட அவருக்குச் சங்கடமாகலாம். கேட்டுவிட்டுப் போடுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களை மரத்தில் எப்படி எழுதுவது? என் வீட்டில் ஒருவர் இருக்கிறார். தாய் உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்கு இறந்த திகதி எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டு, கடைசியாகக் கண்ட இடத்தையும் நாளையும் குறிப்பில் எழுதியிருக்கிறேன். சட்டத்திலும் மரணச் சான்றிதழ் வேறு. ஆள் காணப்படவில்லை என்ற சான்றிதழ் வேறு. பின்னதற்கு 2016 முதல் இடமுண்டு. தேடலுக்கு சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் குடும்பத் தொடர்புச் சேவையும், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் இருக்கின்றன. போவதா வேண்டாமா என்பதை அந்தத் தாய்தான் முடிவுசெய்யவேண்டும். மரம் வரைகிறவர் அவசரப்படுத்தக் கூடாது.

கிடைத்ததை ஓரிடத்தில் வைக்காதீர்கள்

வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில், காகிதத்தை மேசையில் தட்டையாக வைத்து, தொலைபேசியை நேர் மேலே பிடித்துப் படமெடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், எங்கள் ஆட்கள் முக்கியமானதைப் பின்பக்கத்தில்தான் எழுதுவார்கள். கோப்புக்குப் பெயர், ஊர், ஆண்டு என்ற ஒழுங்கில் பெயர் வையுங்கள். ஒரு பிரதி தொலைபேசியில், ஒரு பிரதி கூகுள் டிரைவில், ஒரு பிரதி வேறு நாட்டில் இருக்கும் ஒரு சொந்தத்திடம். மூன்று இடமும் ஒரே நாளில் அழியாது.

வீட்டில் பழைய கல்வெட்டு இருந்தால் குடும்பத்தோடு கதைத்துவிட்டு நூலகத்துக்கு வருடக் கொடுங்கள். நான் என் அம்மம்மாவின் கல்வெட்டைக் கொடுத்தேன். அதில் அவவின் தாய்வழி ஆட்கள் பதினேழு பேரின் பெயர் இருக்கிறது, அதில் ஒன்பது பேர் யாரென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.